விளைந்த நெல்லில் எத்தனை மூட்டை விற்பனைக்குப் போகிறது? காவிரி டெல்டாவின் சிறு விவசாயிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியூர் நண்பர்களும் வேளாண்மை படிக்கும் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் இரண்டு மூன்று ஏக்கரில் சாகுபடி செய்கிறவர்களை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பெரிய பண்ணைக்காரர்களின் கணக்கு வேறு.

சாப்பாட்டுக்குப் போக மிஞ்சுவதைத்தானே விற்பார்கள்? இதில் என்ன ஆராய்ச்சி?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். வீட்டுச் சாப்பாடு, விதை, குத்தகை, கூலி எல்லாம் போக மிஞ்சுவது ஒரு கணக்கு. அதை விற்கத்தக்க உபரி என்று சொல்லலாம். உண்மையில் சாக்கில் கட்டி ஏற்றி அனுப்பியது இன்னொரு கணக்கு. பெரிய விவசாயி உபரியைவிடக் குறைவாக விற்பார். மீதியை வைத்திருந்து விலை பார்த்துத் தள்ளுவார். சிறு விவசாயி பல வருடங்களில் உபரியைவிட அதிகமாக விற்றுவிடுகிறார். தை, மாசியில் நெல்லாக விற்று, ஆடி, ஆவணியில் அரிசியாகக் கடையில் வாங்குகிறார்.

ஆகவே ஒரு ஊரிலிருந்து நிறைய நெல் வெளியே போனது என்றால் அந்த ஊர் செழிப்பாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. அந்த நெல்லில் எவ்வளவு மிஞ்சியதால் போனது, எவ்வளவு பணமுடைக்காகப் போனது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கொள்முதல் புள்ளிவிவரங்களில் இந்தப் பிரிவு இருப்பதில்லை.

ஒரு குடும்பத்தை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

முடியும். இது எடுத்துக்காட்டுக் கணக்கு, ஆனால் டெல்டாக்காரர்களுக்கு அந்நியமாக இருக்காது. சொந்த நிலம் 3 மா, குத்தகைக்கு 3 மா. மொத்தம் 6 மா, அதாவது 2 ஏக்கர். தையில் அறுவடையாகும் சம்பா நெல் நன்றாக வந்து மாவுக்கு 12 மூட்டை கண்டது என்று வையுங்கள். மூட்டை 60 கிலோ. மொத்தம் 72 மூட்டை.

குத்தகைக்கு 10 மூட்டை, விதைக்கு ஒரு மூட்டை. மீதி 61. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 35 கிலோ அரிசி செலவானால் வருடத்துக்கு 420 கிலோ. அரவையில் நூறு கிலோ நெல்லுக்கு 63 கிலோ அரிசி நிற்கும் என்று வைத்தால் கிட்டத்தட்ட 11 மூட்டை நெல் வேண்டும். ஆக உண்மையான உபரி 50 மூட்டை.

இப்போது செலவுப் பக்கம் வாருங்கள். உரக்கடை பாக்கி, நடவுக் கூலிக்கு வாங்கிய கைமாற்று, அறுவடை இயந்திர வாடகை, நகையைத் திருப்ப, தைமாதத்துக் கல்யாண மொய் என்று அந்த மாதத்துக்குள் கட்ட வேண்டியது 90,000 ரூபாய். அரசு கொள்முதலில் குவிண்டால் 2,500 ரூபாய்க்குப் போனால் மூட்டைக்கு 1,500. அப்படியானால் 90,000 ரூபாய்க்கு 60 மூட்டை போக வேண்டும். உபரி 50, விற்றது 60. வீட்டில் நிற்பது ஒரே ஒரு மூட்டை.

கொள்முதல் நிலையத்தில் போட முடியாமல் வியாபாரிக்குக் குவிண்டால் 1,900 ரூபாய்க்குத் தள்ளினால் நிலைமை இன்னும் மோசம். 61 மூட்டையையும் விற்றாலும் எழுபதாயிரம்கூடத் தேறாது. மிச்சக் கடன் அடுத்த பருவத்துக்குத் தொடரும்.

விலை கூடினால் விவசாயிகள் கூடுதலாக விற்பார்கள், சரிதானே?

மேலே உள்ள அதே குடும்பத்துக்கு விலை குவிண்டால் 3,000 என்று வையுங்கள். மூட்டைக்கு 1,800. தொண்ணூறாயிரத்துக்கு 50 மூட்டை போதும். சாப்பாட்டு நெல் 11 மூட்டையும் வீட்டிலேயே தங்கிவிடும். அதாவது விலை ஏறியதும் விற்பனை 60-லிருந்து 50-ஆகக் குறைந்தது!

பொருளாதாரத்தில் இது பழைய விவாதம். இந்தியாவில் சிறு விவசாயிகளுக்குக் கட்ட வேண்டிய பணம் ஏறக்குறைய நிலையானது, அதற்குத் தேவையான அளவு மட்டுமே விற்கிறார்கள், ஆகவே விலை ஏறினால் சந்தைக்கு வரும் தானியம் குறையவும் கூடும் என்று மாத்தூர், எசக்கியேல் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1961-லேயே எழுதினார்கள். எல்லா விவசாயிக்கும் எல்லாக் காலத்துக்கும் இது பொருந்தாது. ஐந்தாறு ஏக்கர், பம்ப்செட், மகன் வெளிநாட்டுச் சம்பளம் என்று இருப்பவர் விலை ஏறினால் கூடுதலாகவே விற்பார், அடுத்த வருடம் கூடுதலாகப் பயிரிடவும் செய்வார். ஆனால் கடனில் ஓடும் இரண்டு ஏக்கர்க்காரருக்கு இந்தக் கணக்கு இன்றும் அப்படியே பொருந்துகிறது என்பது என் கருத்து.

நிலம் சிறியதாக இருந்தால் விற்கும் பங்கும் சிறியதாகத்தானே இருக்கும்?

மூட்டை எண்ணிக்கையில் ஆமாம், விழுக்காட்டில் அப்படி இல்லை. பொருளாதார அறிஞர் தரம் நாராயண் 1950-51 ஆண்டுக் கணக்கை வைத்து 1961-ல் ஒரு மதிப்பீடு செய்தார். மிகச் சிறிய நிலக்காரர்கள் தங்கள் விளைச்சலில் விற்ற பங்கு, நடுத்தர நிலக்காரர்கள் விற்ற பங்கைவிட அதிகமாக இருந்தது. 10-15 ஏக்கர் வரை அந்தப் பங்கு இறங்கிக்கொண்டே போய், அதற்கு மேல் ஏறியது. அந்தக் கணக்கு நெல்லுக்கு மட்டுமானதல்ல, எல்லா விளைபொருளும் சேர்ந்தது. ஆனால் கீழ்த்தட்டில் இருப்பவர் வேறு வழியில்லாமல் விற்கிறார், மேல்தட்டில் இருப்பவர் மிஞ்சியதால் விற்கிறார் என்ற விஷயம் அப்போதே தெரிந்துவிட்டது.

தமிழ்நாட்டில் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி ஒரு விவசாயி சாகுபடி செய்யும் நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கருக்கும் குறைவு. ஆகவே இங்கே பேசுவது ஏதோ ஓரத்தில் இருக்கும் சிலரைப் பற்றியல்ல.

குறுவை, சம்பா, தாளடி. பருவத்தைப் பொறுத்து விற்பனை மாறுமா?

நிறையவே மாறும்.

குறுவை ஜூனில் தொடங்கி செப்டம்பர், அக்டோபரில் அறுவடைக்கு வரும். 105 முதல் 115 நாள் ரகங்கள். அறுவடை நேரம் வடகிழக்குப் பருவமழையின் வாசல். காய வைக்க வெயில் இல்லை, வைக்க இடம் இல்லை. ஆகவே குறுவை நெல்லை யாரும் வீட்டில் வைப்பதில்லை. களத்திலிருந்தே போய்விடும். தீபாவளிச் செலவும் தாளடி நடவுச் செலவும் அதில்தான். குறுவையைப் பணப்பயிர் என்றே சொல்லலாம், விளைவது நெல்லாக இருந்தாலும்.

சம்பா ஆகஸ்டில் தொடங்கித் தையில் முடியும். பனி முடிந்து வெயில் ஏறும் நேரம். நெல் காயும், கெடாமல் நிற்கும். வீட்டுச் சாப்பாட்டுக்கு எடுத்து வைப்பது சம்பாவிலிருந்துதான். தாளடி குறுவை அறுத்த வயலில் வருவது. மாசி, பங்குனியில் கைக்கு வரும்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது மேட்டூர். ஜூன் 12-ல் அணை திறந்தால் குறுவை உண்டு. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28-தான் ஆயிற்று. அதுபோன்ற வருடத்தில் பம்ப்செட் இருப்பவர்கள் மட்டும் குறுவை போட முடியும். பம்ப்செட் இல்லாதவருக்குச் சம்பா ஒன்றுதான். வருடம் முழுவதற்குமான சாப்பாடும் செலவும் ஒரே அறுவடையிலிருந்து வர வேண்டும்.

வேதாரண்யம், தலைஞாயிறு போன்ற கடைமடைப் பகுதிகளில் எப்போதுமே இந்த நிலைதான். தண்ணீர் கடைசியாக வரும், மழைநீர் கடைசியாக வடியும். நேரடி விதைப்பு செய்துவிட்டு வானத்தைப் பார்க்கிறார்கள். அங்கே ஒரு குடும்பம் பத்து மூட்டையைத் தனியே எடுத்து வைப்பதைப் பார்த்து, "சந்தைக்கு வராத விவசாயி" என்று சொல்வது சரியில்லை. அடுத்த நெல்லுக்குப் பன்னிரண்டு மாதம் ஆகும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்.

அறுவடை இயந்திரத்துக்கும் விற்பனை அளவுக்கும் என்ன தொடர்பு?

இது யாரும் அதிகம் பேசாத விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முன்பு அறுவடைக் கூலி நெல்லாகவே கொடுக்கப்பட்டது. களத்திலேயே அளந்து விடுவார்கள். எவ்வளவு நெல் கூலி என்பது டெல்டாவில் உயிரைக் குடித்த கேள்வி. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதன் பின்னணியில் இருந்தது அந்தக் கூலிப் போராட்டம்தான். அந்தக் கூலி நெல் சந்தைக்குப் போகாது. ஊருக்குள்ளேயே சமையலாகும். விளைச்சலில் கணிசமான ஒரு பங்கு இப்படி விற்பனைக்கு வெளியே, ஊரின் அடுப்புகளுக்கே போனது.

இப்போது பெல்ட் வண்டி என்கிற அறுவடை இயந்திரம் வருகிறது. மணிக்கணக்கில் வாடகை, அதுவும் ரொக்கம். வண்டிக்காரர் நெல் வாங்கிக்கொள்ள மாட்டார். முன்பு நெல்லால் தீர்ந்த செலவு இப்போது நெல்லை விற்றுத்தான் தீர வேண்டும். விற்பனை அளவு தானாகவே கூடிவிட்டது. கூலி வாங்கிய குடும்பங்களோ இப்போது அரிசியைக் கடையிலும் ரேஷனிலும் வாங்குகின்றன.

இன்னொன்று. கையால் அறுத்தபோது தாளைக் கட்டிப் போரடித்து நெல் வருவதற்குள் பல நாள் ஆகும். ஊரின் நெல் ஒரே நாளில் வந்து குவியாது. இயந்திரம் ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கரை முடித்துவிடுகிறது. நெல் பச்சையாக, ஈரத்தோடு, மொத்தமாக வந்து விழுகிறது. பத்து நாளைக்குள் ஒரு வட்டாரமே அறுத்து முடிக்கிறது. களம் எங்கே? எல்லோரும் தார்ச்சாலையில்தான் கொட்டிக் காய வைக்கிறார்கள். சாலையில் கொட்டிய நெல்லை நாலு நாளுக்கு மேல் காவல் காக்க முடியாதவர், என்ன விலை கேட்டாலும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். சோம்பேறித்தனத்தால் விற்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். மழை மேகத்துக்குக் கீழே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு ஒரு இரவு நின்று பார்த்தால் புரியும்.

அரசு கொள்முதல் நிலையம் இருக்கும்போது ஏன் வியாபாரிக்குக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார்கள்?

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை சாதாரண ரகத்துக்குக் குவிண்டால் 2,369, சன்ன ரகத்துக்கு 2,389 ரூபாய். மாநில அரசு ஊக்கத்தொகையாக முறையே 131, 156 ரூபாய் சேர்த்ததால் 2,500-உம் 2,545-உம் ஆயிற்று. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் வழியாக வாங்குகிறது. பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். கொள்முதல் நிலையம் மட்டும் இல்லையென்றால் டெல்டாவில் சிறு விவசாயி எப்போதோ நெல்லை விட்டிருப்பார். இதைச் சொல்லாமல் குறைகளை மட்டும் சொன்னால் நியாயமில்லை.

குறைகளும் உண்டு. முதலில் ஈரப்பதம். 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழை வருடங்களில் மாநில அரசு 22 வரை தளர்த்தச் சொல்லிக் கேட்கும், மத்தியக் குழு வந்து பார்க்கும், பதில் வருவதற்குள் நெல் முளைத்துவிடும். 2025 அக்டோபரில் குறுவை வரத்தும் மழையும் ஒரே நேரத்தில் வந்தபோது மூட்டைகள் வெளியிலேயே நனைந்து முளைவிட்டதை எல்லோரும் பார்த்தோம். வியாபாரி ஈரம் பார்த்து விலையைக் குறைப்பார், ஆனால் இன்றைக்கே எடுத்துப்போவார்.

அடுத்தது காத்திருப்பு. நிலையத்தில் கிடங்கு நிரம்பிவிட்டால், லாரி வரவில்லை என்றால், சாக்கு தீர்ந்துவிட்டால் வரிசை நகராது. 4 டன் வைத்திருப்பவருக்கும் 40 டன் வைத்திருப்பவருக்கும் வரிசை ஒன்றுதான், ஆனால் காத்திருக்கும் சக்தி ஒன்றல்ல. கூலி வேலைக்கும் போக வேண்டியவர் நெல்லுக்குப் பக்கத்தில் பத்து நாள் படுத்துக்கொள்ள முடியாது. அப்புறம், அரசு மூட்டை 40 கிலோ. அதற்கு மேல் எடையில் கொஞ்சம் போகிறது, ஏற்று இறக்கத்துக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்கிறார்கள் என்று விவசாயிகள் பல வருடங்களாகச் சொல்லிவருகிறார்கள். என் சொந்த நெல்லிலும் ஒருமுறை ஒரு நிலையத்தில் அப்படிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். கொடுத்த தொகையைவிட, கேள்வி கேட்க முடியாமல் நின்றதுதான் இன்னும் உறுத்துகிறது.

மூன்றாவது காலம். கொள்முதல் பருவம் முன்பு அக்டோபர் 1-ல்தான் தொடங்கும். முன்கூட்டி அறுத்த குறுவை நெல் செப்டம்பர் முழுக்க வியாபாரியிடமே போகும். 2022-லிருந்து செப்டம்பர் 1-க்கு மாற்றியது சிறிய மாற்றமாகத் தெரியலாம், முன்குறுவைக்காரர்களுக்கு அது பெரிய உதவி.

குத்தகை விவசாயிகளால் கொள்முதல் நிலையத்தில் விற்க முடியாதா?

முடியும், ஆனால் காகிதம் வேண்டும். சிட்டா (நில உரிமைப் பதிவு), அடங்கல் (பயிர்ப் பதிவு), ஆதார், வங்கிப் புத்தகம், இணையப் பதிவு. சிட்டா நிலத்துக்காரர் பெயரில் இருக்கும். வாய்வார்த்தைக் குத்தகையில் உழுகிறவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. நிலத்துக்காரர் சென்னையில் இருப்பார், எழுதிக் கொடுத்தால் உழுகிறவர் நாளைக்கு உரிமை கேட்பாரோ என்று தயங்குவார். கிராம நிர்வாக அலுவலர் சான்று கொடுத்தால் வழி உண்டு. கிடைக்காதவர் தன் நெல்லை வேறொருவர் பெயரில் போடச் சொல்லிக் கெஞ்சுவார், இல்லையென்றால் வியாபாரிதான்.

டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம். அங்கே குத்தகையை நெல்லாகவோ அதன் விலையாகவோ செலுத்த வேண்டும். விளைந்தாலும் விளையாவிட்டாலும் குத்தகை பாக்கி ஏறிக்கொண்டே போகும். ஒரு மோசமான சம்பாவுக்குப் பிறகு வரும் நல்ல சம்பாவில், விளைந்த நெல்லில் எவ்வளவு பழைய பாக்கிக்குப் போகிறது என்று பாருங்கள். வெளியே பார்க்கிறவர்களுக்கு அது 'சந்தை வரத்து' என்று தெரியும்.

இலவச ரேஷன் அரிசியால் விவசாயிகள் கூடுதலாக விற்கிறார்களா?

ஓரளவு ஆமாம். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரிலிருந்து கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம். மாதம் 20 கிலோ வரை, மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ. இட்லி, தோசைக்கு அது போதும் என்று இருக்கும் வீட்டில் நாலைந்து மூட்டை நெல் விடுபட்டு விற்பனைக்குப் போகிறது. என்னைப் பொறுத்தவரை இது கெட்ட காரியம் இல்லை. ஆவணி மாதத்துப் பசியை ரேஷன் கடை நிறுத்தியது. விவசாயிக்கும் நிறுத்தியது.

தான் விளைவித்த அரிசியைத் தானே சாப்பிடாமல் ஏன் கடையில் வாங்குகிறார்கள்?

நெல்லை அரிசியாக்குவது இப்போது சிக்கலாகிவிட்டது. முன்பு வீட்டிலேயே நெல் அவிப்பார்கள். முதல் நாள் ஊறவைத்து, விடியற்காலையில் அண்டாவில் அவித்து, முற்றத்தில் காய வைத்து, ஊர் மில்லில் அரைத்து வருவார்கள். அந்த வேலை முழுக்கப் பெண்கள் தலையில் இருந்தது. இன்று அதைச் செய்ய ஆளும் இல்லை, முற்றமும் இல்லை, பெண்களிடம் அதைத் திரும்பச் செய்யச் சொல்ல எனக்கு மனமும் இல்லை. சின்ன அரவை மில்கள் பல மூடிவிட்டன. நவீன ஆலைகள் இரண்டு மூட்டையைத் தனியாக அவித்து அரைத்துத் தருவதில்லை.

ரகமும் ஒரு காரணம். குறுவையில் ஆடுதுறை 37 போன்ற குண்டு ரகம் போட்டவர் அதை இட்லிக்குத்தான் வைத்துக்கொள்வார். சம்பாவில் சி.ஆர். 1009 நல்ல மகசூல், வெள்ளத்தை ஓரளவு தாங்கும், கொள்முதல் நிலையத்தில் சாதாரண ரகமாகப் போகும். ஆனால் பிள்ளைகள் மெல்லிய சோறு கேட்கிறார்கள். ஆந்திரா பொன்னி என்கிற பி.பி.டி. 5204 விளைவிப்பவருக்கு இரண்டு வழியும் திறந்திருக்கும். நல்ல வருடத்தில் வியாபாரியே ஆதரவு விலைக்கு மேல் கொடுத்து எடுப்பார், வீட்டுக்கும் ஆகும். ஆகவே எந்த ரகம் விதைக்கிறோம் என்று ஆடியில் எடுக்கும் முடிவு, தையில் எத்தனை மூட்டை, யாரிடம் விற்பது என்பதைப் பாதி தீர்மானித்துவிடுகிறது.

கடன் எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது?

என்னைக் கேட்டால் விலையைவிட அதிகமாகவே. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. நல்ல திட்டம். ஆனால் அந்தத் தவணை தேதியே ஒரு விற்பனைத் தேதியும்தான். அதைத் தவறவிட்டால் வட்டியும் வரும், அடுத்த கடனும் வராது. ஆகவே எந்த விலைக்கானாலும் அதற்குள் விற்றாக வேண்டும்.

உரக்கடையிலோ நெல் வியாபாரியிடமோ வாங்கிய முன்பணம் இன்னும் இறுக்கமானது. கையெழுத்து இருக்காது, ஆனால் நெல் அவருக்குத்தான் என்பது பேச்சு. விலையும் அவர் சொல்வதுதான். வியாபாரியைக் கெட்டவர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. வங்கி கைவிரித்த ஐப்பசி மாதத்தில், இரவு எட்டு மணிக்கு யூரியாவுக்குப் பணம் கொடுத்தவர் அவர்தான். அந்த நேரத்துப் பணத்தைக் கூட்டுறவுச் சங்கம் குத்தகைக்காரருக்கும் கொடுக்க முடிந்தால், தையில் நெல் போகும் திசை மாறும்.

நெல்லைச் சேமித்து வைத்து, விலை ஏறியதும் விற்கலாமே?

நம் ஊர்களில் சேமிப்பு தெரியாத விஷயம் இல்லை. வீட்டில் பத்தாயம், குதிர், வாசலில் வைக்கோல் பிரி சுற்றிக் கட்டிய சேர் என்று எல்லாம் இருந்தன. பாபநாசம் அருகே திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது, 3,000 கலம் கொள்ளும் என்பார்கள். பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இன்றைய வீடுகளில் அந்த இடம் இல்லை. இடம் கிடைத்தாலும் எலி, அந்துப்பூச்சி, எடை குறைவு. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக் கிடங்கில் நெல்லை வைத்து, அதையே ஈடாகக் காட்டிப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். மதிப்பில் 75 சதவீதம் வரை, ஆறு மாதம் வரை தருகிறார்கள். இதை இன்னும் நிறையப் பேர் பயன்படுத்த வேண்டும். கடன் கொடுத்தவருக்குப் பணமும் போய்ச் சேரும், நெல்லும் கையை விட்டுப் போகாது. ஆனால் காய்ந்த நெல் வேண்டும், கிடங்குவரை வண்டி வாடகை வேண்டும். 20 மூட்டைக்கு அந்த வாடகை கட்டுப்படியாகாது. நாலைந்து பேர் சேர்ந்து ஒரே டிராக்டரில் ஏற்றினால் கட்டுப்படியாகும். செய்தவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. காத்திருந்தால் விலை ஏறும் என்று உறுதி இல்லை. ஆதரவு விலைக்கு மேல் எப்போதும் போகாத சாதாரண ரகத்தை வைத்திருப்பதில் லாபம் குறைவு. பழைய அரிசிக்கு மதிப்புள்ள சன்ன ரகத்தை வைத்திருப்பதில் பொருள் உண்டு.

வேறு வருமானம் இருந்தால் விற்பனை குறையுமா, கூடுமா?

அவசர விற்பனை குறையும். சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ மாதாமாதம் பணம் வரும் வீட்டில் முதலில் சாப்பாட்டு நெல்லை எடுத்து வைத்துவிட்டுத்தான் சாக்கைத் தைக்கிறார்கள். நூறு நாள் வேலைக் கூலி, 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் போன்றவை தொகையில் சின்னவை. ஆனால் மளிகைக் கடை பாக்கியை அது அடைத்தால், அதற்காக ஒரு மூட்டையை அவசரமாக அவிழ்க்க வேண்டியதில்லை.

எத்தனை மூட்டை வைப்பது என்று வீட்டில் யார் முடிவு செய்கிறார்கள்?

நிலையத்தில் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் ஆண். பத்தாயத்துக் கணக்கு அம்மா, ஆத்தா, மனைவி கையில். எங்கள் வீட்டில் அப்பா எத்தனை மூட்டை விற்க வேண்டும் என்று சொல்வார், அப்பாயி (அப்பாவின் அம்மா) எத்தனை மூட்டை வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்வார். நடுவில் எங்காவது முடியும். அப்பாயி தனியாக எடுத்து வைக்கும் நெல்லில் பொங்கல் புதுநெல், கோயிலுக்கு அளக்கிற நெல், பிரசவத்துக்கு வரும் மகளுக்கான நெல் எல்லாம் இருக்கும். அப்பாவின் கணக்கில் அவை ஒருபோதும் இருந்ததில்லை.

புதிதாகச் சாகுபடி தொடங்குகிறேன். வீட்டுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

அறுவடைக்கு முன்பே கணக்குப் போடுங்கள். சாலையில் நெல் கிடக்கும்போது போட்டால் தப்பாகவே வரும். ஒரு மாதம் வீட்டில் எவ்வளவு அரிசி செலவாகிறது என்று அளந்து பாருங்கள். அதில் ரேஷன் அரிசியில் உண்மையில் சமைப்பதைக் கழியுங்கள். வருகிற கிலோவைப் பன்னிரண்டால் பெருக்கி, ஒவ்வொரு 38 கிலோ அரிசிக்கும் ஒரு 60 கிலோ மூட்டை என்று வையுங்கள். விருந்துக்கும் விசேஷத்துக்கும் ஒரு மூட்டை சேருங்கள். விதையை வீட்டிலிருந்தே எடுப்பதாக இருந்தால், கலப்பில்லாத வயலாகப் பார்த்து, அதைத் தனியே அறுத்து, நன்றாகக் காய வைத்து வேறு சாக்கில் கட்டி அடையாளம் போடுங்கள்.

வீட்டு நெல்லுக்கு ஒரு மா நிலத்தைத் தனியே வைத்து அதில் வீட்டார் விரும்பும் ரகத்தைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சீரகச் சம்பா, பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா என்று சிலர், பி.பி.டி. என்று சிலர். அந்த மாவை இயந்திரத்துக்கு விடாமல் நாலு ஆள் வைத்துக் கையால் அறுத்தால், நெல் ஈரம் குறைவாக வரும், வைக்கோலும் நீளமாக மாட்டுக்குக் கிடைக்கும். அந்த நெல் முதலில் வீட்டுக்குள் வந்த பிறகு மற்ற நிலத்தை அறுங்கள்.